சுழல்வதற்கு எந்தப் பிளேட்?

கொக்குவிலில் லேத் பட்டறை வைத்திருக்கிற நான் பனியில் கால் வைத்தவனில்லை. ஆனால் ரொறன்ரோவில் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கிச் சுழலும் ஆட்டம்) பழகும் தங்கச்சியின் மகள், சப்பாத்தின் அடியில் பூட்டும் பிளேட் வாங்க முதல் என்னட்டைத்தான் கேட்பாள். வளைவும் சாணையும் என் தொழிலல்லவா.

பிளேட்டைக் கண்ணாடி மேல் நிறுத்தி முன்னும் பின்னும் உருட்டுங்கள். நடுப்பகுதி 7 அல்லது 8 அடி ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. கொரோனேஷன் ஏஸ் என்ற பிளேட் 7 அடி, திரும்புவது சுகம். பேட்டர்ன் 99 என்ற பிளேட் என்றால் 8 அடி. பனியை நீளமாகத் தொடும், தளம்பல் குறைவு. விலை கூடியதுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், விடுங்கள்.

சுழல்வது இந்த நடுவளைவில் இல்லை. பிளேட்டின் முன்நுனியில் உள்ள பற்களுக்குச் சற்றுப் பின்னால், பாதத்தின் முன்மேட்டுக்குக் கீழே வளைவு சட்டென்று இறுகும். உருட்டும்போது கைக்கே தெரியும். முழுப்பாரமும் அந்தச் சின்ன இடத்தில்தான். புதுப் பிளேட்டின் வளைவைக் கடதாசியில் பென்சிலால் வரைந்து வையுங்கள். சாணை பிடிக்கிறவர் அந்த இடத்தைத் தட்டையாக்கினால் பிள்ளை ஓரிடத்தில் நில்லாமல் அலைவாள். ஏச்சு வாங்குவதும் அவள்தான். அந்தப் பற்களில் கீழே உள்ள பெரிய பல்லையும் அராவ விடாதீர்கள்.

அடியில் ஓடும் பள்ளத்துக்கு அரை அங்குல ஆரம் பெரும்பாலும் போதும். ஆழம் கூடினால் பிடி கூடும், வழுக்கு குறையும்.

பிளேட்டைச் சப்பாத்தில் பூட்டும்போது முதலில் சில திருகாணிகளை மட்டும் போட்டு, ஓடிப் பார்த்த பிறகு மிச்சத்தைப் பூட்டுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், கறள் பிடிக்கும்.