வறட்சி தாங்கும் நெல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறட்சி, வெள்ளம், உவர் தாங்கும் நெல் ரகங்களை உருவாக்கப் பழக ஒவ்வொரு பருவமும் புதிதாக வரும் மாணவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். விதைப்பையில் பெயர் எழுத மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

பூத்த தேதி குறிக்காமல் வறட்சி பார்ப்பது

இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எல்லா ரகங்களையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் தண்ணீரை நிறுத்துவார்கள். நெல்லை வறட்சி அதிகம் தாக்குவது கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரை. 60 நாளில் பூக்கும் ரகம் மண் காயுமுன்பே மணி பிடித்துவிடும். 90 நாளில் பூப்பது நடுக்காய்ச்சலில் மாட்டும். கதிர் பாதி பொதிக்குள்ளேயே நின்று பதராகும். முன்னது வறட்சியைத் தாங்கவில்லை, அதிலிருந்து தப்பியது, அவ்வளவுதான்.

ஒரு மாணவர் அப்படித் தேர்ந்த ரகத்தைக் கலப்பு செய்து, மார்க்கர் (டிஎன்ஏ அடையாளம்) ஓட்டி, கியூடிஎல் வரைபடத்தோடு, அதாவது பண்பை ஆளும் மரபணுப் பகுதி எங்கே என்று காட்டும் படத்தோடு, வந்தார். 6ஆம் குரோமோசோமில் பெரிய சிகரம், வறட்சி மரபணு கிடைத்துவிட்டதென்று முகமெல்லாம் பூரிப்பு. அங்கே இருப்பது ஹெச்டி-1; பூக்கும் காலத்தை ஆளும் மரபணு. ஜப்பானியர்கள் 2000இலேயே பிரித்தெடுத்தது. வயல் நோட்டைக் கேட்டேன். பூத்த தேதிக்கு அதில் கட்டமே இல்லை. வருடக்கணக்கான உழைப்பு!

வயது வாரியாகப் பிரியுங்கள். பிந்திப் பூப்பதை முந்தி விதையுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் கட்டிய பாத்தி ஒன்று வேண்டும். பூக்கும் நாள் வித்தியாசத்துக்குக் கணக்கில் திருத்தம் செய்ய அந்தப் பாத்தியின் பூத்த தேதியை எடுங்கள். காய்ந்த பாத்தியின் தேதியை வறட்சியே தள்ளிப்போட்டிருக்கும். எத்தனை நாள் தள்ளிப்போனது என்பதையும் பாருங்கள். அதிகம் தள்ளினால் அந்த ரகம் திணறியிருக்கிறது.

ஒற்றை மார்க்கரை நம்புவது

வெள்ளம் தாங்க உதவும் சப்-1 மரபணுவின் மார்க்கர் பட்டை சோதனையில் தெரிந்ததும் வெள்ளம் தாங்கும் ரகம் தயார் என்பார்கள். மரபணுவின் இருபுறமும் ஒட்டிவரும் குரோமோசோம் துண்டு? ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தின் உமி பொன்னிறம், அதில் சப்-1 சேர்த்து உருவாக்கிய ஸ்வர்ணா சப்-1க்கு வைக்கோல் நிறம். 9ஆம் குரோமோசோமில் சப்-1க்கு அருகிலிருந்தது கூடவே வந்துவிட்டது. அங்கே நிறத்தோடு போயிற்று. உங்கள் ரகத்தில் சோற்றின் தரம் கெட்டால் யார் விதைப்பார்கள்?

நாற்றை வைத்து உவர் தீர்ப்பு

கேரளத்தின் உவர் நில நெல்லான பொக்காளி வழி வந்த சால்டோல் என்ற உவர் தாங்கும் மரபணுப் பகுதி உதவுவது நாற்றுப் பருவத்தில். பூக்கும் பருவத்துக்குத் தனியாகச் சோதியுங்கள்.

வரப்போர வரிசை

ஓரத்துச் செடிக்கு இடமும் வெளிச்சமும் கூடுதல்; அதை மகசூலில் சேர்க்காதீர்கள்.

மழை

மழைக் கூரை இல்லாமல், நவம்பரில் பூக்கும்படி தமிழ்நாட்டில் வறட்சிச் சோதனை வைக்காதீர்கள்.