127 எழுத்தில் அறுந்துபோகும் பாத்

மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை. எடைமேடை அறையில் இன்னமும் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை அடித்து ஓட்டும் சிஸ்டம்) ஓடும் கம்ப்யூட்டர். "அண்ணா, நேத்து வரைக்கும் ஓடுச்சு. இப்ப 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்'னு திட்டுது" என்றான் சீட்டு போடும் தம்பி.

அடித்த பெயரில் புரோகிராம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். புரோகிராம்களை எந்தெந்த டைரக்டரியில் (ஃபோல்டரில்) தேடுவது என்று டாஸ் வைத்திருக்கும் பட்டியல்தான் பாத் (PATH). வெறும் பாத் என்று அடித்துப் பார்த்தேன். கடைசி டைரக்டரியின் பெயர் பாதியில் நின்றிருந்தது. முந்தைய நாள் போட்ட பிரிண்டர் சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில், பாத்தின் முன்னால் தன் டைரக்டரியைச் செருகிவிட்டது. வால் அறுந்ததில் எடை புரோகிராம் போய்விட்டது.

டாஸ் ஒரு வரியில் 127 எழுத்துதான் வாங்கும். பாத் என்ற சொல்லுக்கும் சமக்குறிக்கும் 5 போனால் மிச்சம் 122. பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) வரி குட்டையாகத்தான் தெரியும்; ஆனால் %பாத்% என்ற இடத்தில் பழைய பாத் முழுவதும் விரிந்த பிறகு வரும் நீளம்தான் கணக்கு. இதில் ஏமாறாதவர் குறைவு. நானும் ஏமாந்திருக்கிறேன்.

அடுத்த தவறு, பேட்ச் ஓடும்போதெல்லாம் பாத்தின் வாலில் ஒட்டுவது. காலையில் நாலு தடவை ஓட்டினால் அதே டைரக்டரி நாலு தடவை ஏறும். ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால், பழைய பாத்தை முதலில் வேறொரு பெயரில் செட் செய்துவைத்து, முடிவில் திருப்பிப் போடுங்கள். 'செட் பாத்' எழுதும்போது சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால் புதிதாக வேறொரு மாறி (வேரியபிள்) உருவாகும். பாத் அப்படியே இருக்கும்.

டாஸ் 6-இல், கிளம்பும்போது முதலில் படிக்கப்படும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலிலேயே செட் போட்டு நீளமான பாத் வைக்கலாம். ஆனால் அங்கே %பாத்% விரியாது, முழுசாக எழுத வேண்டும். பிறகு ஆட்டோஎக்ஸெக்கில் ஒரு %பாத்% வரி மிச்சமிருந்தாலும் பழைய கதைதான். 'அவுட் ஆஃப் என்விரான்மென்ட் ஸ்பேஸ்' என்று வந்தால் அது வேறு நோய்: கான்ஃபிக்.சிஸின் ஷெல் வரியில் /E:1024 என்று போட்டு, பாத் போன்ற மாறிகளுக்கான இடத்தைக் கூட்டுங்கள்.

நீளமான டைரக்டரிக்கு சப்ஸ்ட் கட்டளை மூலம் ஒரு டிரைவ் எழுத்து கொடுப்பதும் நல்ல வழி. கான்ஃபிக்.சிஸில் லாஸ்ட்டிரைவ் வரி போட மறந்தால் E-க்கு மேல் எழுத்து கிடைக்காது. அந்த எழுத்தின் மேல் செக்டிஸ்க், ஃபார்மட் ஓட்டாதீர்கள்.

விண்டோஸுக்கு மாறியவர்களும் தப்பவில்லை. அங்கே பாத்தை நிரந்தரமாக மாற்ற உதவும் செட்எக்ஸ் கட்டளை 1024 எழுத்தோடு வெட்டும். எச்சரிக்கை காட்டும்போதே வெட்டியதைச் சேமித்தும் விடும்.

எனக்குப் பிடித்தது பாத்தையே தொடாத வழி. அன்றைக்குச் செய்ததும் அதுதான். பாத்தின் தொடக்கத்திலேயே இருந்த டைரக்டரியில் இரண்டு வரி பேட்ச் ஒன்று: சிடி கட்டளை போட்டு எடை டைரக்டரிக்குள் போ, புரோகிராமை ஓட்டு. இன்னொரு பேட்சிலிருந்து இதை அழைத்தால் முன்னால் 'கால்' (CALL) என்ற கட்டளை சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வராது. தம்பி அடித்தான், எடைச் சீட்டு வந்தது. அதற்குள் வரிசை மெயின் ரோடு வரை போயிருந்தது.