எலையும் கொடையும்: பேச்சில் உயிர் எப்போது மாறும்?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் ‘எல போடுங்க’ என்றுதான் கேட்கிறது. எழுதுவதோ இலை. இது கொச்சையே அல்ல, ஒழுங்கான விதி.

முதலெழுத்தில் இ அல்லது உ என்ற குறில் இருக்க, நடுவில் ஒற்றை மெய் வந்து, அடுத்த அசையில் அ அல்லது ஐ இருந்தால், பேச்சில் இ எகரமாகும், உ ஒகரமாகும். இடம் – எடம், குடை – கொட, புகை – பொக, உடம்பு – ஒடம்பு. காரணம் எளிது: பின்னால் வரும் அகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே சற்றுத் தாழ்கிறது.

நடுவில் மெய் இரட்டித்தால் மாற்றமில்லை. அதனால் ‘இல்லை’ பேச்சில் ‘இல்ல’தான், ‘எல்ல’ ஆகாது. கிண்ணமும் அப்படியே. நெடிலும் அசையாது: கூடை, ‘கூட’ என்றே வரும், ‘கோட’ என்றால் பிழை.

மலாய்ச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த விதியைவிடச் சிக்கல் உயிரின் நீளம்தான். மலாயில் குறில், நெடிலால் பொருள் மாறாது. தமிழில் குறில் 1 மாத்திரை, நெடில் 2. ‘கொடு’, ‘கோடு’ இரண்டையும் ஒரே நீளத்தில் சொல்வார்கள். மேசையில் தட்டிப் பழக்குங்கள்: ‘கொ’வுக்கு ஒரு தட்டு, ‘கோ’வுக்கு இரண்டு தட்டு முடியும்வரை குரலை நிறுத்தக் கூடாது. எடு – ஏடு, விடு – வீடு என ஒவ்வொரு ஜோடியையும் கைப்பேசியில் பதிந்து, எது எது என்று பிள்ளையையே கேளுங்கள். தன் காதுக்கே வித்தியாசம் தெரியாவிட்டால் நெடிலை இன்னும் இழுக்கச் சொல்லுங்கள். குறிலைத் தொட வேண்டாம்.

எழுதும்போது மட்டும் ‘இலை’, ‘குடை’தான்.