பிள்ளைக்குச் சில்லறை எண்ணச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு கையில் ஐந்து ஒற்றை ரூபாய், மறு கையில் ஒரே ஓர் ஐந்து ரூபாய்க் காசு என்று நீட்டி, "எது வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிறைய இருக்கிற கையைத்தான் பிடிக்கும். ஒவ்வொரு பொருளாகத் தொட்டு எண்ணத்தானே இதுவரை பழக்கியிருக்கிறோம்! ஒரு காசுக்குள் ஐந்து அடங்கியிருக்கிறது என்பது பிள்ளைக்குப் புதுச் செய்தி. அது பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒற்றை ரூபாய் இருபது, இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் நான்கு நான்கு, பத்து ரூபாய் இரண்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காசைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அது தூங்கும் நேரமாகப் பாருங்கள். காசும் கொட்டையும் நேரே வாய்க்குத்தான் போகும்.

1. இனம் பிரிப்பது

ஒரே மாதிரிக் காசுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். 'பெரிய காசுக்கு மதிப்பு அதிகம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2011 வரிசையில் வந்த இரண்டு ரூபாய் 25 மி.மீ. அகலம்; ஐந்து ரூபாயோ 23 மி.மீ.தான். காசின் மேல் உள்ள எண்ணைப் படிக்கப் பழக்குங்கள். பத்து ரூபாய்க் காசு ரூபாய்க் குறியோடும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் சொல்லியிருக்கிறது.

2. புளியங்கொட்டை

இதற்கு மட்டும் ஒரு வாரம் கொடுங்கள். ஐந்து ரூபாயைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஐந்து கொட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ரூபாய்க்கு இரண்டு, பத்துக்குப் பத்து. சில நாள் கழித்துக் கொட்டையை எடுத்துவிட்டு, காசை விரலால் தட்டி எண்ணட்டும்: ஐந்து ரூபாய்க்கு ஐந்து தட்டு. அப்புறம் தட்டாமலே "ஐந்து" என்று சொல்லும் நாள் வரும். அதுவரை அவசரப்படுத்த வேண்டாம்.

3. காசு மாற்றும் விளையாட்டு

தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஒற்றை ரூபாய் எடுக்க வேண்டும். ஐந்து சேர்ந்ததும் ஓர் ஐந்து ரூபாயாக மாற்றலாம், இரண்டு ஐந்தைப் பத்தாக மாற்றலாம். முதலில் பத்து ரூபாய் வாங்குபவர் ஜெயித்தவர். கொடுத்து வாங்கும்போது மதிப்பு மாறவில்லை என்பது கைக்கே புரிந்துவிடும்.

4. கலந்த சில்லறை

பெரிய மதிப்பிலிருந்து தொடங்குங்கள். 10, 5, 2, 2, 1 இருந்தால்: பத்து, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது, இருபது. காசு மாறுகிற இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பதினைந்துக்குப் பிறகு அதே வேகத்தில் "இருபது" என்று போய்விடுவார்கள். அங்கே நிறுத்தி, "இனி ரெண்டு ரெண்டா" என்று நினைவூட்டினால் போதும்.

5. கடை

முதலில் வீட்டிலேயே கடலைமிட்டாய்க் கடை போடுங்கள். ஏழு ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். சரியாக வந்ததும், கூட்டமில்லாத நேரமாகத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போய், காசைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள். மெதுவாக எண்ணினாலும் நீங்கள் முந்திக்கொண்டு எண்ணாதீர்கள்.