தோழியின் நோட்டில் நிரம்பிய இரண்டு பக்கம்

தோழியின் அம்மாவுக்கு மறதி நோய், அப்பாவால் நடக்க முடியாது. இருவரையும் பார்த்துக்கொள்வது அவள் மட்டும்தான், அண்ணன் வெளியூரில். இரவு 11 மணிக்கு போன் செய்து அழுவாள். நானும் சேர்ந்து அண்ணனைத் திட்டினேன். அது தவறு. அவள் கோபம் ஏறியதே தவிர வேலை குறையவில்லை.

அப்புறம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதச் சொன்னேன். மாத்திரை, குளிப்பாட்டுவது, இரவில் 3 முறை எழுந்து அம்மாவைத் திரும்பப் படுக்க வைப்பது. இரண்டு பக்கம் நிரம்பியது. அதைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, இதில் உன்னால் எதைப் பார்த்துக்கொள்ள முடியும்?" என்று மட்டும் கேட்டாள். "நீ உதவுவதே இல்லை" என்றால் அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். இதற்கு இரண்டு நாள் பதிலே வரவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

இப்போது மருந்து, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பில் எல்லாம் அவர் பொறுப்பு. மாதம் நான்கு நாள் வந்து தங்குகிறார். சின்ன வயதுக் கணக்குகள் இன்னும் தீரவில்லை. அதில் நான் தலையிடுவதில்லை. அந்த நான்கு நாளில் ஒரு நாள் அவளை வெளியே அழைத்துப் போகிறேன். முதல் தடவை, காரில் ஏறியதுமே தூங்கிவிட்டாள்.