சேர்வர் மதர்போட்டில் ஜம்பர் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஜம்பர் என்பது மதர்போட்டில் நிற்கும் சிறு உலோகப் பின்களை (ஊசிகளை) ஒரு சிறு தொப்பியால் இணைத்து ஒரு வசதியை மாற்றும் அமைப்பு. அதைத் தொடுவதற்கு முன் சேர்வரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல சேர்வர்களில் பவர் சப்ளை இரண்டு இருக்கும். ஒன்றின் வயரை மட்டும் கழற்றினால், ஷட் டவுன் செய்திருந்தாலும் மற்றது மதர்போட்டுக்கு ஸ்ராண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் இல்லாத நேரம்தானே என்று மூடியைத் திறக்கவும் வேண்டாம், யுபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வயரையும் கழற்றி, மதர்போட்டில் உள்ள சிறு விளக்கு அணையும்வரை பொறுங்கள். பிறகு கேஸில் பெயின்ற் இல்லாத இடத்தைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடலாம்.

அடுத்தது, முதலாவது பின் எது என்று பிடிப்பது. பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். போட்டில் 1 என்றோ சிறு முக்கோணமாகவோ அச்சிட்டிருப்பார்கள். அது தெரியாவிட்டால் பின்களின் அடியை ரோச் அடித்துப் பாருங்கள்: மற்றவற்றின் ஈயப்பற்று வட்டமாக இருக்க, முதலாவதில் மட்டும் பெரும்பாலும் சதுரமாக இருக்கும். மாற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிட்டு, தொப்பியைச் சிறு குறட்டால் நேர் மேலே இழுங்கள். சரித்து இழுத்தால் பின் வளையும். இரண்டு பின் மட்டும் உள்ள ஜம்பரைத் திறந்துவிட (பின்கள் இணையாமல் விட) வேண்டுமென்றால், தொப்பியை ஒரு பின்னில் மட்டும் மாட்டி வையுங்கள், தொலையாது.

சுப்பர்மைக்ரோ நிறுவனத்தின் போட்டுகள் பலவற்றில் ஜேபிஜி1 என்ற ஜம்பர் உள்ளமைந்த விஜிஏவுக்கானது (திரைக்குப் படம் தருவது): தொப்பி 1-2 பின்களில் இருந்தால் இயங்கும், 2-3 இல் இருந்தால் நிற்கும். ஜேடபிள்யூடி1 வாட்ச்டோக்குக்கானது (சேர்வர் உறைந்துவிட்டதா என்று கண்காணிப்பது), 1-2 இல் இருந்தால் அப்போது சேர்வரை ரீசெற் செய்யும். பயாஸில் (சேர்வர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளில்) வாட்ச்டோக்கை இயக்கிவிட்டு, அதற்குரிய மென்பொருளைப் போடாமல் விட்டால், சேர்வர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ரீஸ்ராட் ஆகும். ராமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பணத்தை வீணாக்க முன் இதைப் பாருங்கள்.

சீமோஸ் (பயாஸ் செற்றிங்குகள் இருக்கும் நினைவகம்) அழிக்கும் ஜேபிரி1 இல் பெரும்பாலும் பின்னே இராது, அருகருகே இரண்டு உலோகப் புள்ளிகள்தான். மதர்போட்டில் உள்ள பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து குறைந்தது 4 விநாடி பிடியுங்கள். பயாஸ் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழியும். சாட்டா (டிஸ்க் இணைப்பு) ஆர்ஏஐடி முறையில், அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறையில், இருந்திருந்தால் அது ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்குத் திரும்பியிருக்கலாம். சேர்வர் பூட் ஆகாவிட்டால் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து போர்மட் செய்துவிடாதீர்கள். முதலில் அந்த செற்றிங்கையும், பிறகு பூட் வரிசை, திகதி, நேரத்தையும் சரிசெய்யுங்கள்.

டெல் நிறுவனத்தின் பவர்எட்ஜ் சேர்வர்களில் முறை வேறு. ஜம்பரை மாற்றியதும் கடவுச்சொல் அழியாது. மூடியைப் பூட்டி, ஒருமுறை பூட் செய்தால்தான் அழியும். பிறகு மறுபடி சேர்வரை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, ஜம்பரைப் பழைய இடத்தில் வைத்த பிறகே புதிய கடவுச்சொல் போட வேண்டும்.

குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று பட்ட பழைய தொப்பிகள் உள்ளே கறுத்திருக்கும். சரியான இடத்தில் மாட்டியும் வேலை செய்யாவிட்டால் தொப்பியைப் புதிதாக மாற்றிப் பாருங்கள். பின் இடைவெளி 2.54 மில்லிமீற்றரா, 2 மில்லிமீற்றரா என்று அளந்துகொண்டு வாங்குங்கள். மதர்போட்டுக்கான சிஆர்2032 பற்றரி மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்; புதியது 3 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும்.