கொலையைக் கடைசி ஷாட்டாக வைக்காதீர்கள்: சின்ன பட்ஜெட் ஸ்லாஷரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு இளம் குழுவின் படப்பிடிப்புக்குப் பொய் ரத்த வேலை செய்து கொடுக்கப் போயிருந்தேன். முகமூடி போட்ட கொலைகாரன், பூட்டிக் கிடந்த வீடு, ஒரே இரவு, ஐந்து நண்பர்கள். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் வந்த, கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொன்று தீர்க்கும் ஸ்லாஷர் படங்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அந்தப் படங்களை அவர்கள் உண்மையாகவே நேசிக்கிறார்கள் என்பது பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு அன்றைய ஷெட்யூல் தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் கொலை. நேரம் அதிகாலை 3.30. என்னுடைய முதல் படத்தில் நானும் சேர்ந்து போட்ட தாளை யாரோ பத்திரமாக வைத்திருந்து என்னிடமே நீட்டியது போல இருந்தது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஃபோகஸ் தப்புவது, மைக் ஃபிரேமுக்குள் தலைகாட்டுவது, வசனத்தை ஒப்பிப்பது போன்றவற்றைத் தொடப் போவதில்லை. அவை பார்த்தவுடன் கண்ணை உறுத்தும், அடுத்த படத்தில் தானாகச் சரியாகும். எடுக்கும்போது சரியென்றே தோன்றி, எடிட்டிங் மேசையில் வந்து கழுத்தைப் பிடிக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை.

கீறலும் தூசியும் போட்டால் பழைய படம் ஆகிவிடாது

படம் முடிந்ததும் முதல் வேலையாகப் பழைய ஃபிலிம் போலக் கீறல், தூசி, நிறம் மங்கல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்துப் படங்கள் அப்படி எடுக்கப்படவில்லை. பல தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்டில்தான் அந்தக் கீறல்கள் விழுந்தன. எடுத்தவர்கள் தங்கள் படம் பளிச்சென்று, பெரிய செலவில் எடுத்தது போலத் தெரிய வேண்டும் என்றுதான் பாடுபட்டார்கள்.

1978-ல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் செலவு ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர். அந்த நாளிலேயே அது மிகச் சின்னத் தொகை. அதை வைத்துக்கொண்டு இயக்குநர் ஜான் கார்ப்பென்டரும் ஒளிப்பதிவாளர் டீன் கண்டியும் பானாவிஷன் லென்ஸில் அகலத்திரையில் எடுத்தார்கள். தொடக்கத்தில் வரும் நீண்ட ஷாட்டுக்காக அப்போது புதிதாக வந்திருந்த, கேமராவை உடலில் மாட்டிக்கொண்டு ஆட்டமில்லாமல் நடக்க உதவும் பானாகிளைடு கருவியைக் கொண்டுவந்தார்கள். மிச்சம் பிடித்தது எங்கே தெரியுமா? கதை நடப்பது இலையுதிர் காலம், எடுத்தது தெற்கு கலிஃபோர்னியாவின் வசந்த காலம். வண்ணம் அடித்த இலைகளைத் தரையில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டு, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தூவினார்கள். இலையில் கஞ்சம், லென்ஸில் தாராளம். முன்னோர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

முகமூடியைக் கிட்டத்தில் காட்டுவது

முகமூடிக்கு மூன்று மாதம் உழைத்திருப்பார்கள். அதனால் முதல் காட்சியிலேயே திரை முழுக்க அதைக் காட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நல்ல லைட்டில், அரை நிமிடத்துக்குக் கிட்டத்தில் காட்டினால் எந்த முகமூடியும் ரப்பராகிவிடும்.

'ஹாலோவீன்' முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகம். கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்தார்கள், அவ்வளவுதான். அந்த உருவம் பட்டப்பகலிலேயே பலமுறை வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் வேலி ஓரத்திலும், உலரும் துணிகளுக்கு நடுவிலும், தெருவுக்கு அந்தப் பக்கமும்தான் நிற்கிறது. நாம் உற்றுப் பார்ப்பதற்குள் இல்லாமல் போய்விடுகிறது. சீக்கிரம் காட்டுவது தவறில்லை, கிட்டத்தில் காட்டுவதுதான் தவறு. தூரத்தில் நிற்கும் வெள்ளை முகத்தில் மிச்சத்தைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார்.

கொலையை விடியற்காலைக்குத் தள்ளுவது

இப்போது அந்த ஷெட்யூல் தாளுக்கு வருகிறேன். இந்த ஒரு தவறு மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

ஏன் எல்லோரும் கொலையைக் கடைசியில் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ரத்தம் கொட்டினால் தரை நாசம், துணி நாசம், நடிகரின் முடியெல்லாம் பிசுபிசுப்பு. எனவே சுத்தமான காட்சிகளை முதலில் முடித்துவிடலாம், ரத்தத்தைக் கடைசியில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவுப் படப்பிடிப்பின் கடைசி இரண்டு மணி நேரத்தில் நிதானம் என்ற ஒன்று கிடையாது.

எங்கள் முதல் படத்தில் நாயகியின் தோழி சாகும் காட்சி. பழைய கிட்டங்கி ஒன்றின் பின்சுவரில் சாய்த்துக் கழுத்தை அறுக்கிறான். படத்தின் நடுப்புள்ளி அது, அதுவரை கட்டிய பயமெல்லாம் அங்கேதான் வெடிக்க வேண்டும். கழுத்தில் ஒட்டப் பொய்த்தோல் வார்த்து, அதற்கு அடியில் மெல்லிய குழாய் ஓட்டி, முதுகு வழியாக இறக்கிப் பம்ப்பில் இணைத்திருந்தேன். நடிகைக்கு இரவு எட்டு மணிக்கு ஒட்டி முடித்தேன். வசனக் காட்சிகள் இழுத்தன. ஒரு கார் ஷாட் இழுத்தது. சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போனது. அவர் கழுத்தைத் திருப்பாமல், படுக்க முடியாமல், ஒரு நாற்காலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

எங்களைக் கூப்பிட்டபோது மணி 4.20. வியர்வையில் பொய்த்தோலின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, அவசரமாகப் பசை போட்டேன். நான் பார்க்காதது இரண்டு. உட்கார்ந்தே இருந்ததில் முதுகுப் பக்கம் குழாய் மடங்கிப் போயிருந்தது. இரவுக் குளிரில் சர்க்கரைப் பாகு ரத்தம் கெட்டியாகியிருந்தது. முதல் டேக்கில் கத்தி நகர்ந்தது, பம்ப்பை அழுத்தினேன், ஒரு சொட்டு வரவில்லை. டைரக்டர் கட் சொன்ன பிறகு, குழாய் எப்படியோ நிமிர்ந்து, அடைத்திருந்தது முழுவதும் ஒரே பாய்ச்சலாகச் சட்டையில் கொட்டியது. மாற்றுச் சட்டை இல்லை. துவைத்து, பிழிந்து, ஹேர் டிரையரில் காயவைத்து, கழுத்தைத் துடைத்து மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒளிப்பதிவாளர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கிட்டங்கியின் கூரை விளிம்பு தனியாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. வானம் வெளுத்துவிட்டது. பேக்கப்.

அந்த இடத்துக்கு அன்றோடு அனுமதி முடிந்தது. நடிகைக்கு மறுநாள் வேறு படம். திரும்பி வருவதென்றால் இடம், ஜெனரேட்டர், யூனிட், அவருடைய தேதி எல்லாம் புதிதாக வேண்டும். கணக்குப் போட்டால் மொத்த பட்ஜெட்டில் எட்டில் ஒரு பங்கு வந்தது. அது எங்களிடம் இல்லை. எனவே சுவரில் ஒரு நிழல், கீழே விழும் கைப்பை, தூரத்தில் ஒரு அலறல் என்று ஒட்டுப்போட்டு முடித்தோம். திரையிட்டபோது என் பக்கத்தில் இருந்தவர் அவர் நண்பரிடம் மெதுவாகக் கேட்டார்: "இப்ப யாரு செத்தது?"

எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த நடிகையிடம் இதை நான் எப்படிச் சொல்வது?

கணக்கைப் பாருங்கள். கழுத்து ஒட்ட இரண்டு மணி நேரம். டேக் தவறினால் துடைத்து, உடை மாற்றி, ஓரங்களைச் சரிசெய்து, குழாயை நிரப்பி மீண்டும் தயாராகக் குறைந்தது முக்கால் மணி. மூன்று டேக் வேண்டுமென்றால் ஒட்டுவதோடு சேர்த்து நான்கு மணி நேரத்தைத் தொடும். இரவு ஏழு முதல் விடிகாலை ஐந்து வரை இருப்பதே பத்து மணி நேரம். அதில் நான்கைத் தின்னப்போகும் ஒன்றைக் கடைசி ஒன்றரை மணிக்குள் திணித்தால் எப்படி அடங்கும்?

பழைய ஆட்கள் இதில் பட்டது கொஞ்சமில்லை. 1974-ல் வந்த 'தி டெக்ஸாஸ் செயின் சா மாசகர்' படத்தில் தாத்தாவாக நடித்த ஜான் டூகன் ஓர் இளைஞர். அந்தக் கிழட்டு மேக்கப்பை இன்னொரு முறை போட்டுக்கொள்ள முடியாது என்று அவர் சொல்லிவிட்டதால், அவர் வரும் காட்சிகளை ஒரே மூச்சில், ஒரு முழு நாளையும் தாண்டி, டெக்ஸாஸ் கோடையின் புழுக்கத்தில் எடுத்தார்கள். மேக்கப்தான் ஷெட்யூலின் முதலாளி என்று ஒப்புக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப வளைத்தார்கள்.

1980-ல் 'ஃபிரைடே தி தேர்ட்டீன்த்' படத்தில் கெவின் பேக்கனின் தொண்டையை அம்பு துளைக்கும் ஷாட் இன்னும் நல்ல பாடம். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்து தலையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். தெரியும் கழுத்தும் மார்பும் மேக்கப் கலைஞர் டாம் சவீனி செய்தவை. ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்தக் குழாய் பம்ப்பிலிருந்து கழன்றுவிட்டது. அடியில் இருந்த உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதினார். ரத்தம் குபுகுபுவென்று வந்தது அப்படித்தான். மறுபடி எல்லாம் கட்ட மணிக்கணக்காகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. களைத்துத் தூங்கி வழியும் ஆளுக்கு அந்த நொடியில் அந்த யோசனை வந்திருக்காது.

ஆகவே கொலையை இரவின் முதல் வேலையாக வையுங்கள், அல்லது அதற்கென்று ஒரு தனி இரவு ஒதுக்குங்கள். அந்தக் காட்சிக்குள் மட்டும் ரத்தம் இல்லாத ஷாட்கள் முதலில், ரத்த ஷாட்கள் பிறகு என்று வரிசை போட்டால் போதும். கிட்டத்து ஷாட்களை வேறொரு நாள், ஒரு அறையில், கறுப்புத் துணிக்கு முன்னால், மூன்றே பேரை வைத்து எடுக்கலாம். எடிட்டருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முந்தைய நாள் வெறும் தண்ணீரை ஓட்டி, நடிகர் உட்கார்ந்து, சாய்ந்து, விழுந்து பார்க்கும்வரை முழு ஒத்திகை நடத்துங்கள். என் குழாய் மடங்கும் என்பது அந்த ஒத்திகையிலேயே தெரிந்திருக்கும்.

அந்த இளம் குழுவிடம் இதையெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். தாள் மாறவில்லை. 4.50-க்கு ஒரே ஒரு டேக் கிடைத்தது. ரத்தம் கச்சிதமாக வந்தது. ஆனால் பதினோரு மணி நேரம் விழித்திருந்த அந்தப் பெண், கத்தி தொடுவதற்கு ஒரு கணம் முன்பே கண்ணை மூடிவிட்டாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஒரே ஒரு சட்டை

சாகிற ஒவ்வொருவருக்கும் மூன்று.

நிஜக் கத்தி

வேண்டாம். கிட்டத்து ஷாட்டுக்காகக்கூட வேண்டாம்.

ரத்தத்தை அது விழப்போகும் வெளிச்சத்தில் பார்க்காமல் விடுவது

ஹாலிவுட் மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் வகுத்த செய்முறையைத்தான் இன்றும் பலர் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்: சோளச் சர்க்கரைப் பாகு, உணவு நிறங்கள், கண்ணாடி போல ஊடுருவித் தெரியாமலிருக்கக் கொஞ்சம் ஜிங்க் ஆக்ஸைடு. துணியில் நன்றாகப் பரவ அவர் சேர்த்த ஃபோட்டோ ஃப்ளோ என்ற ஃபிலிம் கழுவும் திரவம் நச்சு. வாயருகே வரும் ரத்தத்தில் அதைச் சேர்க்கவே கூடாது.

பகலில் அருமையாக இருக்கும் சிவப்பு, நிலவொளிக்காகப் போடும் நீல லைட்டில் கறுப்புத் தார் மாதிரி தெரியும். பாட்டிலில் பார்த்து ஒப்புதல் சொல்லாதீர்கள். அதே துணி, அதே லைட், அதே கேமரா. பத்து நிமிட வேலைதான்.

பூனைக்கும் கொலைகாரனுக்கும் ஒரே இசை

அலமாரியைத் திறந்தால் பூனை பாய்கிறது, தோளில் நண்பன் கை வைக்கிறான், ஒவ்வொன்றுக்கும் தடால் என்று ஒரு சத்தம். மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். நிஜமாகவே அவன் வரும்போது தர உங்களிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

'ஃபிரைடே தி தேர்ட்டீன்த்' படத்துக்கு இசையமைத்த ஹாரி மான்ஃபிரெடினி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: கொலைகாரன் உண்மையிலேயே பக்கத்தில் இருந்தால்தான் இசை. கொலைகாரன் யாரென்று கடைசிவரை காட்டாத படம் அது, அந்த ஆளின் இடத்தில் நின்றதே இசைதான். அதனால் இசை இல்லாத இடங்களில் பார்ப்பவர் மூச்சு விட்டார், அது ஒலித்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

அதற்காக இசையைக் குறைத்து எடைபோட வேண்டாம். 'ஹாலோவீன்' படத்தை இசையும் ஒலியும் சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லை என்று கார்ப்பென்டரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் படத்தை இசையால் காப்பாற்றியாக வேண்டும் என்று உட்கார்ந்து, மூன்றே நாளில் முடித்தார். ஐந்து தட்டில் நடக்கும் ஒரு சின்னப் பியானோ வரி. இசைக்கு ஆர்க்கெஸ்ட்ரா இல்லையே என்று வருந்துகிறவர்கள் அந்த வரியை ஒருமுறை கேட்கட்டும்.

சாகப்போகிறவர்களை அறிமுகப்படுத்தாமல் விடுவது

பெரும்பாலான திரைக்கதைகளில் இவர்களுக்குப் பெயர்கூட ஒழுங்காக இருப்பதில்லை. குடிப்பவன், காதலிப்பவள், கிண்டல் செய்பவன். பழைய படங்களிலும் அப்படித்தானே என்கிறார்கள். நல்லவற்றில் அப்படி இல்லை. 'ஹாலோவீன்' திரைக்கதையில் வரும் மூன்று தோழிகளின் பேச்சைப் பெரும்பாலும் எழுதியவர் டெப்ரா ஹில். பள்ளி முடிந்து நடந்து வருகிறார்கள், தொலைபேசியில் அரட்டை அடிக்கிறார்கள், யாருடைய வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று பேரம் பேசுகிறார்கள். படத்தில் பெரும் பகுதி இப்படியே போகிறது, ரத்தம் மிகக் குறைவு. அவர்களில் ஒருத்தி காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது நமக்கு வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் அந்த அரட்டைதான்.

எங்கள் படத்தில் கிட்டங்கியில் செத்த தோழிக்கு ஒரு காட்சி எழுதியிருந்தோம். அவள் அம்மாவிடம் போனில் பேசுகிறாள், நாளை காலை வந்து ஏதோ ஒரு டப்பாவைத் திருப்பித் தருகிறேன் என்கிறாள். ஒன்றரைப் பக்கம். கார் ஷாட்டுக்கு நேரம் வேண்டும் என்று அதைத்தான் முதலில் வெட்டினோம்.